நெல்மணியை வெட்டிப் பார், மச்சான்

கல்லடி, மட்டக்களப்பு
பங்குனி

மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது, உடனே எழுத முடியவில்லை. படுவான்கரையில் அண்ணனுக்கு வேளாண்மை வெட்டு, லீவு கிடைத்த நாளெல்லாம் வயலில்தான் நின்றேன். அம்மா சுகம். உன்னை எப்பவும் கேட்பா.

உன்னுடைய உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கேள்வி வயலிலும் என்னை விடவில்லை. ஈரலை அரைத்து மெசினில் போட்டால் எவ்வளவு இரும்பு, எவ்வளவு கொழுப்பு என்று கணக்காகச் சொல்லுமே, பிறகு ஏன் மெல்லிசாக வெட்டிச் சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் கண்ணைக் குத்திக்கொண்டு மினக்கெட வேண்டும்? நல்ல கேள்வி. அவளுக்கு இப்படிச் சொல். இரத்தம் அடிக்கடி ஏற்றுகிறவர்களின் ஈரலில் இரும்பு சேரும். பரம்பரையாக இரும்பு கூடிப்போகும் நோயிலும் சேரும். இரண்டையும் அரைத்தால் ஒரே அளவு வரக்கூடும். வெட்டி, ஐதரோக்குளோரிக்கமிலமும் பொற்றாசியம் பெரோசயனைட்டும் கலந்து ஊற்றிப் பார்த்தால் இரும்பு இருக்கிற இடமெல்லாம் நீலமாகும். முதலாவது ஆளில் அந்த நீலம் தொடக்கத்தில் கழிவை விழுங்கும் கலங்களில் நிற்கும், மற்ற ஆளில் ஈரல் கலங்களுக்குள்ளேயே தொடங்கும். அரைத்தவுடன் இந்த வித்தியாசம் அழிந்துபோகிறது. பேர்ள்ஸ் என்ற ஜேர்மன் மருத்துவர் 1867-இல் சொன்ன முறை இது, இன்றைக்கும் நாங்கள் அதையேதான் செய்கிறோம். சிவப்பணுக்களில் இவ்வளவு இரும்பு இருந்தும் அவை நீலமாவதில்லை, ஏனென்றால் அந்த இரும்பு ஹீம் என்ற சிவப்பு நிறப்பொருளுக்குள் இறுகப் பிடிபட்டிருக்கிறது, இந்த அமிலத்துக்கு அது விட்டுக்கொடுக்காது. எந்த இரும்பு, எந்த நிலையில் என்பதுகூட நிறத்தில் தெரிகிறது பார்.

ஆனால் நிறத்தைக் கண்டவுடன் நம்பக்கூடாது, இதில் நான் பிடிவாதக்காரன். சீனிச் சேர்வைகளைக் காட்ட பிஏஎஸ் என்று ஒரு முறை இருக்கிறது. பேரயடிக் அமிலம் சீனி மூலக்கூறில் பக்கத்துப் பக்கத்தில் ஐதரொட்சில் உள்ள காபன்களுக்கு நடுவில் வெட்டி அல்டிகைட்டாக்கும், அதன்மேல் நிறமில்லாத ஷிஃப் கரைசலை விட்டால் கடும் ஊதாச்சிவப்பு வரும். ஈரல் சேமித்து வைக்கும் சீனிச்சேர்வையான கிளைக்கோசனும் சிவக்கும், சளிப்பொருளும் சிவக்கும், கலங்களுக்கு அடியில் இருக்கிற மென்சவ்வும் சிவக்கும். எது எது என்று எப்படிச் சொல்வது? அதே துண்டில் இரண்டு வெட்டு எடுத்துக் கண்ணாடி வழுக்கியில் ஒவ்வொன்றாக வைத்து ஒன்றுக்கு முதலில் டயஸ்ரேஸ் நொதியம் விட வேண்டும். அது கிளைக்கோசனைக் கரைத்துவிடும், மறுகா அந்த வழுக்கியில் எது சிவக்காமல் போகிறதோ அதுதான் கிளைக்கோசன். போன வருஷம் எங்களிடம் டயஸ்ரேஸ் முடிந்து புதிசு வராமல் கிடந்தது. அப்போது பழைய ஆட்கள் செய்ததையே செய்தேன், எச்சில். அதிலும் அதே வேலை செய்யும் அமைலேஸ் நொதியம் இருக்கிறதே. வாயை நன்றாகக் கொப்பளித்து, வழுக்கியில் எச்சிலை விட்டு 37 பாகையில் அரை மணி நேரம் வைத்துக் கழுவினேன். ஒரு வழுக்கியில் ஈரல் கலங்கள் சிவந்து நிரம்பியிருக்க, மற்றதில் அதே கலங்கள் வெறுமையாக இருந்ததைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பதினாறு வருஷம் இந்த வேலை செய்தும்.

பிழை விட்டதையும் சொல்ல வேண்டும். ஒரு ஈரல் துண்டு வந்தது, கொழுப்பைப் பார்க்கச் சொல்லிக் கூட வந்த கடதாசியின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை நான் காணவில்லை. வழக்கம்போல அற்ககோல், சைலீன், பரபின் மெழுகு என்று போய்விட்டது. கொழுப்பெல்லாம் அற்ககோலிலும் சைலீனிலும் கரைந்துபோய், வட்ட வட்டமாக வெறும் ஓட்டைதான் மிஞ்சியது. ஓட்டையைப் பார்த்து அதற்குள் என்ன இருந்ததென்று சத்தியம் செய்ய முடியாது. நல்லவேளை, போர்மலின் போத்தலில் இன்னொரு சின்னத் துண்டு கிடந்தது. அதை உறையவைத்து வெட்டி கொழுப்பில் பிடிக்கும் சாயம் போட்டபோது செக்கச்செவேலென்று துளிகள். அன்றிலிருந்து கடதாசியைத் திருப்பிப் பார்க்காமல் நான் எதையும் தொடுவதில்லை.

சரி, பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டாய். ஈரல் வேண்டாம், நெல் போதும். பிரான்சில் ரஸ்பாய் என்று ஒருவர், அரசியலுக்காகச் சிறைக்கும் போனவர், 1825-இலேயே தானியமணியில் அயடீன் விட்டு மாப்பொருளைத் தேடி எழுதியிருக்கிறார். வெட்டின துண்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று சாயத்தால் தேடும் நம்முடைய துறை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்வார்கள், அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் ஏது? தீட்டாத அரிசியை இராமுழுக்க ஊறவைத்து, புது பிளேட்டால் குறுக்கே மெல்லிசாகச் சீவச் சொல். அயடீன் ஒரு துளி விட்டால் நடுப்பகுதி கருநீலமாகும், வெளியோர வரிசை ஆகாது. இன்னொரு சீவலில் 70% அற்ககோலில் கரைத்த, எண்ணெயில் பிடிக்கும் சூடான் சாயம் விட்டால் மறுதலையாக அந்த ஓரம்தான் செம்மஞ்சளாகும், எண்ணெய் அங்கேதான் இருக்கிறது. தவிடு ஏன் கெதியாகச் சிக்கு மணக்கிறது என்று அப்போது அவர்களே சொல்வார்கள். மூன்றாவது சீவலை ஒரு நாள் அசெற்றோனில் போட்டுவிட்டுச் சூடான் விடச் சொல், நிறம் பிடிக்காது. என் ஈரல் துண்டுக்கு நடந்ததுதான் அதுவும். இந்த மூன்றாவதை மட்டும் நேரமில்லை என்று விட்டுவிடாதே. தீட்டின வெள்ளை அரிசியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

உன் பள்ளிக்கூடத்தில் சூடான் இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு சின்னப் போத்தல் நானே வாங்கி வைத்திருக்கிறேன், கிளிசரினும் கொஞ்சம். வாற சனிக்கிழமை கல்முனைக்கு ஒரு கலியாணத்துக்கு வருகிறேன், பஸ் நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள். அண்ணனுடைய வயல் நெல்லும் ஒரு சிரங்கை கொண்டுவருகிறேன், புது நெல், இன்னும் குத்தவில்லை. அந்தப் பிள்ளையையே முதலில் சீவச் சொல்.

உன்,
குகன்