திருச்சி வீட்டு வாடகையும் இங்க வரி ரிட்டன்ல காட்டணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

டின் நம்பர் (வரி கட்டுறவருக்கு குடுக்கிற இலக்கம்) பத்தி, சம்பளத்துல பிடிக்கிற வரி பத்தியெல்லாம் உங்க பத்திரிகையில அப்பப்ப வருது, நல்லது. ஆனா எங்க இலங்கை மலையகத்துல ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் பல குடும்பத்துல உள்ள ஒரு விசயத்த யாரும் எழுதி நான் பாக்கல. இந்தியாவில இருக்கிற வீட்டுல இருந்து வாற வாடகையைத்தான் சொல்றேன்.

தோட்டத் தமிழர் பலர இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தோட பாதி குடும்பம் கப்பலேறிச்சு, பாதி இங்க நின்டுச்சு. போனவங்க திருச்சி, கூடலூர், கோத்தகிரின்னு எங்கெங்கயோ கெடந்து கஷ்டப்பட்டு ஒரு வீட்ட கட்டினாங்க, அவங்க காலம் முடிஞ்சதும் அந்த வீட்டு வாடகையில இங்க உள்ள பிள்ளைக்கும் ஒரு பங்கு வருது. இலங்கை பிரஜை அங்க புதுசா வீடு காணி வாங்குறதுன்னா இந்திய ரிசர்வ் பாங்க் அனுமதி வேணும், அது தனி தலைவலி, அதுக்குள்ள நான் போகல.

நான் ஹட்டன் டவுன்ல நாலு பேருக்கு கணக்கு எழுதி குடுக்கிற ஆள். வேற வருமானம் இருக்கான்னு கேட்டா ஒன்னும் இல்லன்னு சொல்லுவாங்க, பிறகு பாங்க் ஸ்டேட்மென்ட்ட விரிச்சு வச்சு இது என்ன மாசாமாசம் அஞ்சாம் தேதி விழுதுன்னு கேட்டா, "அது அக்கா மகன் அனுப்புற வாடகை அண்ணே, அங்க உள்ள வருமானத்துக்கு இங்க என்னத்துக்கு வரி"ன்னு ஒரே பதில்தான் எல்லாருகிட்டயும்.

அப்படி இல்ல. 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்துல இலங்கையில வதியிற ஆளுக்கு உலகத்துல எங்க வருமானம் வந்தாலும் இங்க கணக்குல வரும். இந்தியாவோட 2013ல கைச்சாத்தான இரட்டை வரி ஒப்பந்தமும் (ஒரே வருமானத்துக்கு ரெண்டு தரம் வரி விழாம பாக்கிறது) வீடு இருக்கிற நாடு வரி போடலாம்னு சொல்லுதே ஒழிய இங்க காட்டாம விடலாம்னு சொல்லல.

இவ்வளவு நாளும் இது பெருசா தெரியாததுக்கு ஒரு காரணம் இருக்கு. 2020ல இருந்து 2025 மார்ச் 31 வரைக்கும் வெளிநாட்டு வருமானம் வெளிநாட்டு காசா பாங்க் வழியா இங்க வந்தா வரி விலக்கு இருந்துச்சு. 2025 ஏப்ரல் 1ல இருந்து அது இல்ல. இப்ப பாங்க் வழியா வந்தா தனிநபருக்கு ஆகக் கூடினது 15 சதவீதம், ஆனா உண்டியல்லயோ (பாங்க் இல்லாம ஆள் வழியா காசு மாத்துறது), கும்பாபிஷேகத்துக்கு போய்ட்டு வாற ஆளுகிட்ட கையிலயோ குடுத்து விட்டா அந்த 15 சதவீத சலுகை கிடையாது, மத்த வருமானத்தோட சேந்து 36 சதவீதம் வரைக்கும் ஏறுற சாதாரண படிக்கட்டுலதான் நிக்கும். கமிசன் மிச்சம்னு உண்டியல்ல எடுக்கிறவங்க இத கொஞ்சம் யோசிக்கணும்.

அதுக்காக எல்லாரும் பயப்படவும் தேவையில்ல. மாசம் 15,000 இந்திய ரூபா வாடகைன்னு வைங்க, வருசத்துக்கு 1,80,000, நம்ம காசுல ஆறு லட்சத்துக்கு மேல. இங்க இப்ப வருசத்துக்கு 18 லட்சம் வரைக்கும் தனிநபர் விலக்கு இருக்கு, மாசம் எண்பதாயிரம் எடுக்கிற ஒரு டீச்சருக்கு சம்பளத்தையும் வாடகையையும் கூட்டினாலும் அதுக்கு கீழதான் வரும். மாட்டுறது கடை வச்சிருக்கிறவங்க, தோட்டத்துல பெரிய உத்தியோகம் பாக்கிறவங்க, ரெண்டு மூனு வீடு உள்ளவங்க.

அங்கயே வரி பிடிச்சாச்சுன்னு சொல்றவங்களுக்கும் ஒன்னு சொல்லணும். வீட்டுக்காரர் வெளிநாட்டுல வதியிறவர்னா இந்தியாவில குடியிருக்கிறவர் வாடகையில 30 சதவீதமும் அதுக்கு மேல செஸ்ஸும் (வரி மேல போடுற கூடுதல் வரி), மொத்தம் 31.2 சதவீதம் பிடிச்சு கட்டணும், தொகை சின்னதோ பெருசோ. நடப்புல, கீழ் வீட்டுல தையல் கடை வச்சிருக்கிறவர் அதெல்லாம் எங்க செய்றார், ஜிபேயில முழுசா தட்டி விட்டுடுவார். ஆனா சட்டப்படி பிடிச்சிருந்தா மேல சொன்ன கணக்குல 56,160 இந்திய ரூபா போயிருக்கும். அங்க வாடகையில 30 சதவீதம் கழிவு இருக்கு, மிச்சம் 1,26,000, அது அவங்க வரி விலக்கு எல்லைக்கு கீழ, அதனால அங்க ரிட்டன் போட்டா அந்த காசு முழுக்க திரும்பி வரும். திருப்பி வாங்கக்கூடிய காசை இங்க வந்து வரி கட்டினதா கழிக்க ஏலாது. அங்க உண்மையாவே சேர வேண்டிய வரிக்குத்தான் இங்க கழிவு, அதுவும் அதே வருமானத்துக்கு இங்க வாற வரிய தாண்டாது. ஒரு நல்லது, ரெண்டு நாட்டுலயும் வரி வருசம் ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும்தான், வெட்டி ஒட்டுற வேலை இல்ல.

இது நம்ம நாட்டுல மட்டும் உள்ள கொடுமைன்னும் நினைக்க வேணாம். எங்க சொந்தக்கார பிள்ளை ஒன்னு அமெரிக்காவில நியூ ஜேர்சியில இருக்கு, வாடகைக்கு விட்ட வீடு பக்கத்து மாநிலம் பென்சில்வேனியாவில. ஒரே நாடு, ஆனா பென்சில்வேனியாவுக்கு ஒரு ரிட்டன் போட்டு 3.07 சதவீதம் கட்டணும், பிறகு நியூ ஜேர்சி ரிட்டன்லயும் அதே வாடகைய காட்டி கட்டினதுக்கு கழிவு கேக்கணும். அந்த ரெண்டு மாநிலத்துக்கும் இடையில ஒரு உடன்பாடு இருக்குதான், அது சம்பளத்துக்கு மட்டும், வாடகைக்கு இல்ல. வீட்டுக்கு கட்டுற சொத்து வரிய நியூ ஜேர்சி வருமான வரியில இந்த மாதிரி கழிவா கேக்க ஏலாது. அதே வீடு டெக்சாஸ்ல இருந்திருந்தா அங்க மாநில வருமான வரியே கிடையாது, கழிக்க ஒன்னும் இல்லாம முழுசும் நியூ ஜேர்சிக்குத்தான் போகும். நல்லவேளை நம்ம மாகாண சபைகளுக்கு வருமான வரி போடுற அதிகாரம் இல்ல, இல்லாட்டி வெள்ளவத்தையில வீடு உள்ள ஹட்டன்காரரும் ரெண்டு ரிட்டன் போட்டுக்கிட்டு நிக்கணும்.

2025/26 வருசத்து ரிட்டனுக்கு கடைசி தேதி 2026 நவம்பர் 30. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அதுக்கு முன்ன ஹட்டன்லயும் பண்டாரவளையிலயும் ஒரு நாளாவது தமிழ் தெரிஞ்ச அதிகாரிய உக்கார வச்சு விளங்கப்படுத்தணும், இந்த வாடகை ரிட்டன்ல எந்த இடத்துல வரும், அங்க கட்டின வரிக்கு என்ன கடதாசி வேணும்னு காட்டி குடுத்தாலே போதும். நீங்களும் ஒரு அரைப்பக்கம் ஒதுக்கி இத போட்டீங்கன்னா நல்லம்.

இப்படிக்கு,
கணக்கு எழுதுற ஒரு வாசகர்,
ஹட்டன்.