முதலாளி கொடுத்த வாழ்வா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ஜாஸ் பேண்டுத் தலைவர் ட்யூக் எலிங்டனைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவன் நான். எலிங்டனின் உயர்வு காட்டன் கிளப் முதலாளி கொடுத்த வாழ்வு என்று எழுதியிருந்தது உறுத்தியது.

அந்த முதலாளி ஓனி மேடன் யார்? சிறையிலிருந்து 1923-ல் வெளியே வந்த ரவுடி. அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு. திருட்டு பீர் விற்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, நியூயார்க்கின் ஹார்லெமில் கிளப் நடத்தினார். சுற்றிலும் கறுப்பர்கள் குடியிருக்கும் பகுதி. ஆனால் மேடையில்தான் கறுப்பர்கள், மேசையில் வெள்ளைக்காரர்கள். ஆட வரும் பெண்களும் நிறம் கொஞ்சம் வெளுப்பாக, உயரமாக, 21 வயதைத் தாண்டாமல் இருக்க வேண்டும் (நம் ஊர் 'மணமகள் தேவை' விளம்பரம் கெட்டது போங்கள்). மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8 வரை யார் யாரை விடவில்லை என்று தெரிந்த மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த மேடைக்கு முதலில் கிங் ஆலிவர் என்ற இன்னொரு பேண்டுத் தலைவரைத்தான் கேட்டார்கள். கூலி கட்டாது என்று அவர் மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள் கூலி, வண்டி வாடகை, சாப்பாடு எல்லாம் போக என்ன நிற்கும் என்று பார்த்துத்தான் நாங்களும் அட்வான்ஸ் வாங்குகிறோம். 1927 டிசம்பர் 4 அன்று எலிங்டன் அங்கே வாசிக்கத் தொடங்கினார். ஆலிவரோ 1938-ல் சவானா நகரத்தில், கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்து, அப்படியே இறந்துபோனார்.

எலிங்டனை வளர்த்தது தினப்படி வேலை. ஆட்டத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று புதிது புதிதாக மெட்டுப் போட வேண்டும். போட்டதைத் தன் ஆட்களை வைத்தே வாசித்துப் பார்த்துத் திருத்தலாம். எங்களுக்கு மார்கழி வந்தால் வாத்தியம் உறையை விட்டு வெளியே வராது. அப்புறம் ரேடியோ. கிளப்பிலிருந்தே ஒலிபரப்பினார்கள். வாசலில் தடுக்கப்பட்ட சனங்களின் வீட்டுக்குள்ளும் அந்த வாசிப்பு போய்விட்டது. 1931-ல் கிளப்பை விட்டு வரும்போது நாடே அறிந்த ஆள் அவர்.

கூட வாசித்தவர்களைக் கட்டுரையாளர் மறந்தே போனார். பப்பர் மைலி என்று ஒருவர். குழாய் அடைப்பு எடுப்போமே, அந்த ரப்பர் கப்பை ட்ரம்பெட் வாயில் வைத்து மூடி மூடித் திறந்து உறுமவிடுவார். அந்த உறுமல்தான் அந்த பேண்டுக்கே அடையாளம். முப்பது வயது நிறையாமல் 1932-ல் காசநோயில் போனார். கிளாரினெட்டில் பார்னி பிகார்ட், சாக்ஸபோனில் ஜானி ஹாட்ஜஸ். இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை, முதலாளி பெயர் மட்டும் பத்திக்குப் பத்தி!

வாசிப்பு பிரமாதம் என்று கைதட்டிவிட்டுக் கடைசிப் பந்திக்குக் கூப்பிடும் கல்யாண வீடுகளை நானும் பார்த்தவன். அதனால் கேட்கிறேன்: அடுத்த வாரமே ஒரு சிறு பெட்டிச் செய்தியிலாவது இந்த மூன்று பேர் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிளாரினெட் கலைஞர்,
செல்லூர், மதுரை.