தோல் வேண்டாம் என்றவளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ ஹாம்பர்க்கில் செய்த காவ் மன் காய், அதுதான் நம் தாய்லாந்துக் கோழிச்சோறு, அதன் படத்தைப் பார்த்தேன். கோழி நார் நாராய், சோறு பொங்கல் மாதிரி. தோல் உரித்த நெஞ்சுக்கறி வாங்கியதாகச் சொன்னாயே, கெட்டது அங்கேதான்.

பேரை யோசித்துப் பார். காவ் சோறு, மன் கொழுப்பு, காய் கோழி. நடுவில் இருப்பதை நீ கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாய்! பள்ளிக்குப் போகும் வழியில் அந்தத் தள்ளுவண்டி அக்காவிடம் "மை ஆவ் நங்", தோல் வேண்டாம் என்று தினமும் சொன்னவள்தானே நீ. உன் தட்டில் ஒதுக்கிய தோலெல்லாம் என் தட்டுக்குத்தான் வந்தது.

நானும் ஆரம்பத்தில் இதை மதிக்கவில்லை. பாங்காக்கில் இந்த சீலோம் பகுதிக்கு வந்த புதிதில், மஞ்சளும் மிளகாயும் காணாத இந்த வெள்ளைக் கோழியைப் பார்த்து, நோயாளிச் சாப்பாடு என்றே நினைத்தேன். கூட வைக்கும் ரத்தக்கட்டி மட்டும் அந்நியமாகப் படவில்லை. ஊரில் ரத்தப் பொரியல் தின்று வளர்ந்தவன். உன் அம்மா இன்றைக்கும் அதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள் கொண்டுவந்தது இது. சிங்கப்பூரிலும் இதே கோழிச்சோறுதான், ஆனால் அங்கே மிளகாய்ச் சாறு. இங்கே தௌ ஜியாவ், அதாவது புளிக்கவைத்த சோயா விழுது. அதில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், வினிகர், கொஞ்சம் சர்க்கரை, கறுப்பு சோயா சாஸ். பிரதுனாம் பகுதியில் 1960-இல் தொடங்கிய, ஊழியர்கள் இளஞ்சிவப்புச் சட்டை போடும் கோழிச்சோற்றுக் கடைக்கு மிஷ்லின் உணவக வழிகாட்டிப் பட்டியலில் இடம் கிடைத்ததிலிருந்து வரிசை நீள்கிறது. கடை நல்ல கடைதான். ஆனாலும் எனக்கு நம் தள்ளுவண்டிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோலோடு முழுக்கோழி வாங்கு, ஒன்றரைக் கிலோ போதும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது; லேசாக அசைந்தால் போதும். முக்கால் மணி நேரம் அப்படியே வேகட்டும். தொடைப்பக்கம் குத்திப் பார், சிவப்பாக நீர் வந்தால் இன்னும் கொஞ்சம் விடு. எடுத்ததும் குளிர்ந்த நீரில் முக்கு, தோல் இறுகும். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புக்கட்டிகளைத் தூக்கிப்போடாதே. முதலிலேயே எடுத்து, சின்னத் தீயில் உருக்கிவை. அந்த நெய்யில் பூண்டும் இஞ்சியும் தட்டிப் போட்டு, கழுவி வடித்த அரிசியைப் புரட்டி, தண்ணீருக்குப் பதில் கோழி வெந்த சாற்றை ஊற்று. மல்லிகை அரிசியில் பழையதாகக் கிடைத்தால் விடாதே. பழைய அரிசிதான் பொலபொலவென்று வரும் என்று உன் பாட்டி சொல்வாளே, வண்டி அக்காவும் அதையேதான் சொல்கிறாள். மிச்சச் சாற்றில் வெண்பூசணித் துண்டு போட்டால் சூப் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போகிற நாள் தவிர, நான் இப்போதும் அங்கேதான் சாப்பிடுகிறேன். போன வாரம் அக்கா வெட்டுக்கத்தியை நிறுத்திவிட்டு, "மை ஆவ் நங் பிள்ளை எப்போது வரும்?" என்று கேட்டாள். டிசம்பரில் என்று சொல்லிவைத்திருக்கிறேன். டிக்கெட் போட்டுவிடு.

தௌ ஜியாவ் இரண்டு பாட்டில் பார்சலில் வருகிறது. அம்மா எலுமிச்சை ஊறுகாயும் வைத்திருக்கிறாள். அதைக் கோழிச்சோற்றோடு தொட்டுக்கொள்ளாதே.

அப்பா