நாய் உண்டு, குதிரை உண்டு. கூட நடக்கத்தான் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடற்குறையுள்ளோருக்கும் நோயாளிகளுக்கும் விலங்குகளின் துணையைக் கொண்டுசேர்க்கும் அறநிறுவனங்கள் சிங்கப்பூரில் சில இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, "எவ்வளவு நன்கொடை தரலாம்?" அடுத்தது, "எங்கள் வீட்டு நாய் ரொம்பச் சாது, அதைக் கூட்டி வரலாமா?" இரண்டும் நல்ல மனத்தில் பிறந்த கேள்விகள்தான். ஆனால் இந்தப் பணி தடுமாறுவது விலங்கு கிடைக்காமல் அன்று. அதன் பக்கத்தில் சரியாக நிற்கத் தெரிந்த மனிதர் கிடைக்காமல்.

முதலில் குதிரை. உடற்குறையுள்ளோருக்குக் குதிரைச் சவாரி கற்றுத்தரும் ‘ரைடிங் ஃபார் தி டிசேபிள்ட்’ சங்கம் 1982ஆம் ஆண்டிலிருந்து இங்கே இயங்குகிறது. தாம்சன் சாலையை ஒட்டிய ஜாலான் மஷ்ஹோரில் உள்ள அதன் திடலில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சவாரிப் பயிற்சி இலவசம். குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமுமாக அசையும். தன் காலால் நடப்பவரின் இடுப்பு எப்படி அசையுமோ, மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பும் ஏறக்குறைய அப்படியே அசைகிறது. குதிரை நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி வைக்கிறது என்று கொண்டால், அரை மணி நேரத்தில் 3,000 முறை முதுகும் வயிறும் சாய்வைச் சரிசெய்து பழகிவிடும். குதிரையின் உடற்சூடு சுமார் 38 பாகை செல்சியஸ், நம்முடையதைவிடச் சற்று அதிகம். பெருமூளை வாதத்தால் (செரிப்ரல் பால்சி) இறுகிப்போன தொடை அந்தச் சூட்டில் தளர உதவும். (2008 பாராலிம்பிக்கில் சிங்கப்பூருக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்த லாரென்ஷியா டான், ஐந்து வயதில் குதிரையேறியதும் சிகிச்சைக்காகத்தான்.)

மேலே ஒருவர் என்றால் கீழே மூவர் வேண்டும். ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக் குதிரையின் கழுத்தருகே நடப்பார். முன்னால் போய் இழுக்கக்கூடாது. மற்ற இருவரும் இரு பக்கமும் நடப்பார்கள். குதிரையை ஒட்டிய கையைச் சவாரி செய்பவரின் தொடைக்குக் குறுக்கே வைத்து, சேணத்தின் முன்விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு எளிது, பிழை நடப்பதும் இங்கேதான். ஒரு பக்கத்து ஆள் அழுத்திப் பிடித்து, மறுபக்கத்து ஆள் லேசாகப் பிடித்தால் சேணம் ஒரு பக்கமாகச் சரியும். இரண்டு பேரின் உயரமும் பெரிதாக மாறுபட்டாலும் அதே கதைதான். இரக்கப்பட்டு இறுகப் பிடிப்பவர்கள் இன்னொரு வகை. பிள்ளை சாயவே வழியில்லை என்றால் நிமிரவும் தேவையில்லை. தசைக்கு வேலை இல்லாத சவாரி வெறும் ஊர்வலம். கை வலித்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் குதிரையை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராக மாற வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் கையெடுக்கும் அந்த ஒரு நொடியில்தான் விழுவார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை சவாரி செய்தால், பேசுவது ஒருவர் மட்டும். பயிற்றுநர் சொல்வதை இரண்டு பக்கத்திலிருந்தும் திரும்பச் சொன்னால் பிள்ளை இரண்டையும் கேட்காது. பிள்ளையின் தலைக்கு மேல் சொந்தக் கதை பேசிக்கொண்டு நடப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவர் நிரப்பித் தரும் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். வலிப்பு இருப்பதைச் சொன்னால் இடம் கிடைக்காதோ என்ற பயம் புரிகிறது. கட்டுப்பாட்டில் இருக்கும் வலிப்பு வேறு, கட்டுப்படாத வலிப்பு வேறு. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்திருக்கும். குதிரையின் குலுக்கல் முதுகுத்தண்டைப் பாதிக்கலாம் என்பதால்தான் மருத்துவர் சோதித்து எழுதித்தர வேண்டும் என்கிறார்கள். இடுப்பு மூட்டு நழுவியிருந்தாலும், முதுகெலும்பு அதிகம் வளைந்திருந்தாலும் அப்படித்தான். எடையும் ஒரு கணக்கு. 500 கிலோ குதிரை சுமக்கக்கூடியது சேணத்தோடு சேர்த்து 75 முதல் 100 கிலோ வரை. நிமிர்ந்து உட்கார முடியாதவரின் எடை குதிரைக்கு இன்னும் பாரம் என்பதால் வரம்பைக் குறைத்தே வைப்பார்கள். பிள்ளை வளர்ந்து பதின்ம வயதைத் தொடும்போது சவாரி நின்றுபோனால் அது யாருடைய குற்றமும் அன்று.

அடுத்தது, தாதிமை இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போய்வரும் நாய்கள். இவை பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்கள் அல்ல. எங்கும் நுழையும் உரிமை இவற்றுக்கு இல்லை, அழைத்த இடத்துக்கு மட்டுமே போகும். "எங்கள் நாய் சொன்னபடி கேட்கும்" என்பது தகுதியில் பாதிகூட இல்லை. சாப்பாட்டுத் தட்டு ஒன்று தடாலென்று விழுந்தால் திடுக்கிட்ட நாய் எவ்வளவு விரைவில் அமைதியாகிறது, நடுங்கும் கை காதைப் பிடித்து இழுத்தால் என்ன செய்கிறது என்பதே சோதனை. வயது ஒன்றாவது நிரம்பியிருக்க வேண்டும். போவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்டி, நகத்தை வெட்டி அரத்தால் தேய்த்திருக்க வேண்டும். முதியோரின் தோல் காகிதம் போன்றது. சின்ன நகக்கீறலே புண்ணாகிவிடும். நீண்டு சுருங்கும் கயிறு கூடாது. அது நடைச் சட்டத்தின் காலிலும் சொட்டு மருந்துக் கம்பத்திலும் சுற்றிக்கொள்ளும். பச்சை இறைச்சி தின்னும் நாயை, அதை நிறுத்தி 90 நாள் ஆகும்வரை அழைத்துப்போகக் கூடாது என்பது அமெரிக்க மருத்துவமனைத் தொற்றுத்தடுப்பு நிபுணர்களின் பரிந்துரை. நாய்க்கு நோய் இல்லாவிட்டாலும் அதன் வாயிலும் கழிவிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

ஒவ்வொருவரும் தொடுவதற்கு முன்னும் பின்னும் கைக்கிருமி நாசினி. கட்டிலில் ஏற்றினால் கீழே தனித் துணி. அடுத்தவருக்கு வேறு துணி. சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, பக்கவாட்டில்தான் நாயை நெருங்கவிட வேண்டும். மொத்தம் ஒரு மணி நேரம், அதற்குமேல் வேண்டாம். நாய் கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியும். தூக்கம் வந்துவிட்டது என்று உரிமையாளர் சிரிப்பார். ‘என்னால் முடியவில்லை’ என்கிறது அது. அப்போதே வெளியே கூட்டிப்போக வேண்டும்.

தமிழ் பேசும் தொண்டூழியர்களின் தேவை அதிகம் தெரிவது இந்த இடத்தில்தான். மறதிநோய் முற்றமுற்ற, பிற்காலத்தில் கற்ற ஆங்கிலமும் மலாயும் போய்த் தாய்மொழி மட்டும் எஞ்சுவது உண்டு. நம் முதியவர்களில் பலர் நாயை வாசலோடு நிறுத்தி வளர்ந்தவர்கள். வெறிநாய்க்கடி பற்றிக் கேட்டே பயந்தவர்கள். சிங்கப்பூரில் அந்த நோய் 1953க்குப் பிறகு இல்லை என்பதை எடுத்துச் சொன்னாலும் பயம் போகாது. நாயைக் கொண்டுபோய் நீட்டாமல், "தாத்தா, நாய் பக்கத்துல வரலாமா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும் ஒருவர் வேண்டும். ‘வேணாம்’ என்றால் வேண்டாம்தான். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே ஊரில் வளர்த்த நாயைப் பற்றிப் பேசினாலும் அது வருகையின் பயன்தான். இதற்கு நாய் வளர்ப்பவராக இருக்கவேண்டும் என்றில்லை.

கடைசியாக வழிகாட்டி நாய். இங்கே மிகச் சிலவே இருப்பதால் பலரும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். எம்ஆர்டியிலும் பேருந்திலும் உணவகங்களிலும் அதற்கு அனுமதி உண்டு. ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகங்களும் அதை அனுமதிக்கலாம் என்று சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தெளிவுபடுத்தியிருக்கிறது. சிராங்கூன் சாலைக் கடைக்காரர்கள் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. வாசலில் தடுப்பவர் பெரும்பாலும் விதி தெரியாத புது ஊழியர்தான்.

போக்குவரத்து விளக்கைப் பார்த்து நாய் சாலையைக் கடத்திவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. வண்டிச் சத்தத்தைக் கேட்டு எப்போது கடப்பது என்று முடிவெடுப்பவர் பார்வையற்றவரே. வண்டி வருவதைக் கண்டால் கட்டளையை மீறி நிற்கத்தான் நாய்க்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து நுழைய இடமிருக்கிறதா, தலைக்கு மேல் எதுவும் இடிக்குமா என்றும் அது கணக்குப் பார்க்கும். கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில் காய்கறிப் பெட்டிகளை அடுக்கி, மேலே மாலைகளைத் தொங்கவிட்டால் அதற்கு ஒரே வழி, உரிமையாளரைச் சாலைக்கு இறக்குவது.

உதவ நினைத்தால் நாய் இல்லாத பக்கமாக, பெரும்பாலும் வலப்பக்கமாகப் போய், கேட்டுவிட்டு முழங்கையை நீட்டுங்கள். நாயின் முதுகில் இருக்கும் கைப்பிடியைத் தொடாதீர்கள். அது காரின் ஸ்டீயரிங்கை எட்டிப் பிடிப்பது மாதிரி. அந்தக் கைப்பிடிப் பட்டையை நாய்க்குக் கட்டியிருக்கும்வரை அதைக் கூப்பிடவோ, தடவவோ, ஏதாவது கொடுக்கவோ வேண்டாம். பாசத்தில் நீட்டும் வடையில் வெங்காயம், கேசரியில் உலர்திராட்சை. இரண்டும் நாய்க்கு நஞ்சு.

இப்படிக்கு,
விலங்குத் துணைச் சேவைகளில் ஈடுபட்டுள்ள தொண்டூழியர்கள் சிலர்,
சிங்கப்பூர்