வெட்டி எடுத்த காலின் கட்டைவிரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வலியைப் பற்றி வந்த கட்டுரையை என் மனைவி மடித்து எடுத்துவந்து, “உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள், படியுங்கள்” என்று கொடுத்தாள். தீ மிதிப்பவர்களையும் அலகு குத்துபவர்களையும் காட்டி, வலி என்பது நாமாக நினைத்துக்கொள்வதுதான், மனதை அடக்கினால் வலி அடங்கிவிடும் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு ஒரு கால் அளவுக்குத் தகுதி உண்டு.

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் வார்ப்பது என் தொழில். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்த வேண்டும். காய்ந்து தண்ணீரில் ஊறிய பிறகு கல் வேறு, கண்ணாடி வேறாகப் பிரியும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. பட்டறையில் கண்ணாடி உடைவது அன்றாடம் நடப்பதுதான். 2021இல் ஒரு நாள் தரையில் வரிசையாகச் சிவப்புத் திட்டுகள் தெரிந்தன. சாயத்தைச் சிந்திவிட்டான் என்று கூட வேலை செய்த பையனைத் திட்டினேன். அவன் பதில் சொல்லாமல் என் காலைக் காட்டினான். வலது உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஆழமாக இறங்கியிருந்தது. எவ்வளவு நேரம் அதன் மேலேயே நடந்தேனோ தெரியாது. சர்க்கரை நோய் பாதத்து நரம்புகளை முன்பே கெடுத்துவிட்டிருந்தது. புண் ஆறாமல் அழுகியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மதுரையில் நர்சாக இருக்கும் என் மகள் அப்போது ஒன்று சொன்னாள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் என்ற மருத்துவர், தொழுநோயாளிகளின் கைகால் சிதைவதற்கு, வலி தெரியாததால் அவர்களே அறியாமல் சுட்டுக்கொள்வதும் வெட்டிக்கொள்வதும் பெரிய காரணம் என்று கண்டறிந்தாராம். வலி தெரிந்திருந்தால் நானும் அன்று முதல் எட்டிலேயே கத்தியிருப்பேன். கட்டுரையாளர் அடக்கச் சொல்லும் அந்த வலிக்காக நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். தையல் பிரித்து வீடு வந்த சில நாளில், இல்லாத காலின் கட்டைவிரல் எரிய ஆரம்பித்தது. விரல்கள் உள்நோக்கி மடங்கி, யாரோ முறுக்கிப் பிடித்திருப்பதுபோல இருக்கும். இரவில் கூடும். இருந்தபோது கண்ணாடி குத்தியும் வாய் திறக்காத கால், போன பிறகு கூப்பாடு போடுகிறது. என் அக்காள், “எடுத்துப்போட்ட காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்கிறான் தம்பி” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. நான் போன மருத்துவமனையில் ஒரு மருத்துவர் கோப்பிலிருந்து தலை நிமிராமல், “எல்லாம் உங்கள் மனதில்தான்” என்றாரே, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மனதில்தான் என்றால் பொய் என்று எப்படி ஆகிறது? வாசல்படியில் விரலை இடித்துக்கொண்டாலும் வலியாக உணர்வது மூளைதான். விரல் சேதியை மட்டும் அனுப்புகிறது. எங்கள் பக்கத்து வளவு வீடுகளை நினைத்துப் பாருங்கள். பங்காளி சிங்கப்பூர் போய் நாற்பது வருடம் ஆனாலும் அவர் பங்கு அறை அவர் பேரிலேயே பூட்டிக் கிடக்கும். என் மூளையில் வலது காலின் அறையும் அப்படித்தான். ஆள் போய்விட்டார், அறை போகவில்லை. உள்ளே ஏதோ உருளுகிறது.

இது எனக்கு மட்டும் வந்த பைத்தியமும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தவர்களைப் பார்த்த வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871இலேயே இதற்குப் பெயர் வைத்து எழுதிவிட்டார். மாயக்கால் என்று தமிழில் சொல்லலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம்மூர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து இதற்கு வழி கண்டார். பிசியோதெரபி செய்த பெண் அதைச் சொல்லிக்கொடுத்தார். எல்லோருக்கும் பலிக்காது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடையில் ஒரு நிலைக்கண்ணாடி வாங்கினேன். பெல்ஜியம் கண்ணாடி என்று சத்தியம் செய்தார் கடைக்காரர். (அந்தத் தெருவில் பெல்ஜியம் அல்லாத கண்ணாடியை நான் பார்த்ததில்லை.) கால்களுக்கு நடுவே அதை நிறுத்தி, இடது காலின் பிம்பம் வலது கால் இருக்க வேண்டிய இடத்தில் தெரியும்படி உட்கார்ந்து, இடது விரல்களை மெல்ல விரிக்க வேண்டும். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் மடங்கிக் கிடந்த அந்த இல்லாத விரல்கள் விரிந்தன. நான் அழுதேன் என்று மனைவி சொல்கிறாள். எரிச்சல் இப்போதும் உண்டு, முறுக்கு குறைந்துவிட்டது.

“பார்த்தீர்களா, கண்ணாடி காட்டினால் போகிறது, அப்படியானால் மனப்பிரமைதானே” என்று கேட்டார் ஒரு நண்பர். மனதை அடக்கு என்று எத்தனையோ இரவு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒரு விரலும் விரியவில்லை. கண் வழியாகக் கால் ஒன்றைக் காட்டிய பிறகுதான் மூளை இறங்கி வந்தது.

தீமிதிக்கு வருகிறேன். நானும் பக்தன்தான். இரண்டு கால் இருந்தபோது, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்தோடு நானும் நடந்திருக்கிறேன். பாதமெல்லாம் கொப்புளம். வழியில் அது பெரிதாகத் தெரியவில்லை. திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் ஒரு வாரம் படுத்தியது. முருகன் அருள் என்றே நம்புகிறேன். ஆனால் அந்த அருள் உடம்புக்குள் எந்த வழியாக வருகிறது என்று கேட்பதில் தவறில்லை. 1978இல் அமெரிக்காவில் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு மருந்தில்லாத ஊசியை வலி மருந்து போலக் கொடுத்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பிறகு, அபினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் அவர்களுக்கு வலி ஏறியது. நம்பிக்கை வந்ததும் அபினைப் போன்ற பொருளை உடம்பே சுரந்திருக்கிறது என்று அதிலிருந்து கண்டார்கள். வலியை அடக்கியது உடம்புக்குள் ஓடிய சரக்கு. அது எல்லோருக்கும் எப்போதும் ஒரே அளவில் ஊறுவதில்லை. ஊறாதவரைப் பார்த்து மன உறுதி இல்லை என்று சொல்வது அநியாயம்.

வலி ஆய்வுக்கென்று உள்ள சர்வதேசச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று குறிப்பும் சேர்த்திருக்கிறது. கோப்பிலிருந்து நிமிராத அந்த மருத்துவர் இந்தப் பத்திரிகையைப் படிப்பவராக இருந்தால் நல்லது.

என் கண்ணாடி காலையில் கால்மணி நேரம் போக மற்ற நேரமெல்லாம் சும்மாதான் நிற்கிறது. சுற்று வட்டாரத்தில் கால் எடுத்தவர்கள், தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வந்து உட்கார்ந்து பார்க்கலாம். ஒற்றைக்கால் பூக்கல்காரர் வீடு என்று கேட்டால் ஊரில் காட்டுவார்கள். கீழ் மூலையில் கொஞ்சம் ரசம் போயிருக்கிறது. கட்டைவிரல் அந்த இடத்தில் விழாதபடி தள்ளி உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
பூக்கல் தொழிலாளி ஒருவர்,
ஆத்தங்குடி.