கிண்ணங்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ராயபுரத்தில் நடந்த, கல் பதித்த என் மரக் கிண்ணங்களின் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துத்தான் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ, அவர்கள் கூடத்தின் ஓரத்தில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டும் வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். கிண்ணத்தின் அடியில் மரத்தின் பெயர், ஆண்டு, கடைந்தவர் பெயர் மூன்றையும் எழுதுவது எங்கள் வழக்கம். அந்த இடம் உள்ளங்கை அளவுகூட இருக்காது. அங்கே இடம் போதாததை இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டார்கள். ஆகவே தொழிலைச் சொல்லி நன்றி சொல்கிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

கொருக்குப்பேட்டைக் கடைசல் பட்டறை ஐயாவுக்கு முதல் நன்றி. கட்டில் காலும் மாடிப்படித் தூணும் கடைந்து குடும்பம் நடத்துகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தைச் சுழற்றிக் கடையும் தன் லேத்தை என்னிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "முதலில் உளியின் முதுகு மரத்தைத் தொடட்டும், வாய் பிறகு தொடட்டும்" என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பாடம். உளி சரியாகப் பட்டால் சீவல் நாடாபோலச் சுருண்டு விழும். கூர் மழுங்கினால் தூள் பறக்கும். சத்தத்தை வைத்தே அவர் கண்டுபிடித்துவிடுவார். லேத்துக்கு ஒரு ரூபாய் வாடகை வாங்கியதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. அதை அறுக்க வந்த தொழிலாளர்கள், துண்டு துண்டாகப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று தெரிந்தும், எனக்காக நீளக் கட்டைகளாக விட்டுக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் மறுநாளே பழைய பெயின்ட் டப்பாவோடு வந்து கட்டையின் இரு முனைகளிலும் பூசினார். பச்சை மரம் முனை வழியாகத்தான் வேகமாகக் காயும். அந்த வேகத்தில் வெடித்துப் பிளந்துவிடும். அன்று அவர் பூசியிருக்காவிட்டால் கண்காட்சியில் பாதிக் கிண்ணங்கள் விறகாகப் போயிருக்கும். தூங்குமூஞ்சி தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து நம் ஊருக்கு வந்த மரம். காயும்போது அதிகம் சுருங்காது என்பதால் கடைசலுக்கு அருமையானது. நடுக்கட்டை கரும்பழுப்பு, ஓரம் இளமஞ்சள். இத்தனை அழகு நம் தெருவில் நிழலாக நின்றுகொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொங்குகிறது.

காசிமேட்டுப் படகுத் தச்சர் அண்ணனைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் போதாது. மரத்தில் வெடிப்பு இருந்தால் அந்த இடத்தை வெட்டி எறிவதுதான் பொதுவான வழக்கம். அவர்தான் தடுத்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சை அடித்து இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசும் கலப்பத்து வேலையைக் காட்டி, "மரம் நகரும், அதற்கு இடம் வைத்து அடைக்க வேண்டும்" என்றார். ஈரம் ஏற இறங்க மரம் உப்பும், சுருங்கும், கல் அசையாது. ஆகவே கரடுமுரடாகக் கடைந்து, மாதக்கணக்கில் காயவைத்து, மறுபடி கடைந்து வட்டமாக்கிய பிறகே கல்லைப் பதிக்க வேண்டும். வெடிப்பை மறைக்காமல் அதன் வழியே நீலக் கல்லை ஓடவிடும் என் கிண்ணங்கள் எல்லாமே அவருடைய படகிலிருந்து பிறந்தவைதான்.

சௌகார்பேட்டைக் கல் வியாபாரிக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். பிரோசா (டர்க்கைஸ் என்னும் நீலக் கல்) என்று விற்கப்படும் மணி ஒன்றைச் சுத்தியலால் தட்டி, உள்ளே வெள்ளையாக இருப்பதைக் காட்டியவர் அவர். ஹௌலைட் என்ற மலிவான வெள்ளைக் கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். உண்மையான பிரோசாவின் நீலம் அதிலுள்ள செம்பினால் வருவது. நகைக்கு ஆகாத சில்லுகளை எனக்காகத் தனியே ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பார். அவற்றை இரும்பு உரலில் இடித்தபின், அம்மா முறத்தில் புடைத்துக் கொடுப்பார். அரிசிக் குருணை பிரித்த கை அது. பெரிய மணி ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம் தானாகப் போய்ச் சேரும். பெரிய மணிகளை முதலில் பள்ளத்தில் இட்டு, இடைவெளியில் பொடியைத் தூவி, நீர்போன்ற மெல்லிய பசையைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். கல்தூள் நுரையீரலுக்குக் கேடு, மாலகைட் என்ற பச்சைக் கல்லின் தூள் நஞ்சே என்று எச்சரித்து, கல்லை நனைத்து இடிக்கவும் எங்கள் இருவரையும் முகக்கவசம் அணியவும் வைத்த மருத்துவருக்கு நன்றி.

இனி எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்துக்குத் தன் படகில் என்னை அழைத்துப் போன மீனவ அண்ணன், கடல்நீர் வடியும் வற்றத்தின்போது ஆற்றின் பழுப்பும் கடலின் நீலமும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதைக் காட்டினார். இடுப்பளவு நீரில் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் அக்காமார்கள், சேற்றின் நிறம் இடத்துக்கு இடம் மாறுவதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அலையாத்தி வேர்களும் அந்த இரு நிற ஓட்டமும்தான் என் கிண்ணங்களின் கோடுகள். அதே புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு அந்தக் கழிமுகத்தில் பரவியதை நாம் எல்லோரும் பார்த்தோம். படகும் வலையும் கறுத்துப்போன அந்த நாட்களில் அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தபின், நீலம் மட்டும் பதிப்பது நியாயமாகப் படவில்லை. ஒரு பெரிய பூவரசங் கிண்ணத்தில் நீலக் கோட்டை ஒட்டிக் கறுப்புக் கோடு ஒன்றும் ஓடுகிறது. அதற்கான கறுப்பு கிரானைட் பொடியை, கல்லறைக் கல் செதுக்கும் பெரியவர் காசு வாங்காமல் கொடுத்தார். கறுப்புத் தூள் மரத்தின் துளைகளில் இறங்கிக் கறையாகாமல் இருக்க முன்கூட்டியே அவலரக்கு (ஷெல்லாக்) பூச வேண்டும் என்று பாலிஷ் போடும் தம்பி சொன்னான். கல் தேய்வதற்குள் சுற்றியுள்ள மரம் தேய்ந்து பள்ளமாகிவிடும் என்பதால் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிப் பிடிக்கச் சொன்னவனும் அவனே.

கூடத்தைக் கொடுத்தவர்கள், விளக்கு கட்டியவர்கள், சுவரொட்டி ஒட்டிய தெருப் பிள்ளைகள், கிண்ணங்களை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த அத்தை, எல்லோருக்கும் நன்றி.

அந்தப் பூவரசங் கிண்ணத்தை விலைக்குக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதை விற்கவில்லை, எண்ணூர் மீனவக் கிராமத்துப் படிப்பகத்துக்குக் கொடுக்கிறேன். மற்றவை விற்ற பணத்தில் சிறிய லேத் ஒன்று வாங்கியாயிற்று. ஞாயிறு காலை பட்டறை ஐயாவின் மேற்பார்வையில், கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்கு அது திறந்திருக்கும். பெற்றோரோடு வரட்டும். தலைமுடியை இறுகக் கட்டி, தொங்கும் துணி எதுவும் இல்லாமல் வர வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
திருவொற்றியூர்க் கடைசல்காரன்