விடியலுக்கு முன் ஆற்றங்கரையில் என்னோடு நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

இந்தக் கோடையில் எட்டு வாரம் தாமிரபரணி ஆய்வில் பயிற்சி மாணவியாக இருந்தேன். அறிக்கையின் தொடக்கத்தில் நன்றி சொல்ல ஒரு பத்திதான் இடம். துறைத் தலைவர், வழிகாட்டி, ஆய்வகம் என்று முறைப்படி எழுதியதும் அது நிறைந்துவிட்டது. அந்தப் பத்தியில் வராதவர்களுக்காக இந்த மடல்.

முதலில், ஆய்வு மாணவி அக்கா உங்களுக்கு. பாபநாசத்தில் முதல் நாள், முழங்கால் தண்ணீரில் நீங்கள் வலையைப் பிடித்துக்கொண்டு, மேல்பக்கத்துக் கற்களைக் காலால் புரட்டச் சொன்னீர்கள். வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டியபோது எனக்குச் சருகும் மணலும்தான் தெரிந்தன. "இரண்டு நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்" என்றீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சருகுத் துணுக்கு நடந்தது. மணல் துகள்களை ஒட்டிக் குழல் செய்து அதற்குள் குடியிருந்த புழு ஒன்று தலையை நீட்டியது. தட்டையான ஒரு பூச்சிக்குஞ்சு மூன்று வால்களை விரித்தது. அதன் வயிற்றின் இருபுறமும் செவுள்கள் இறகுபோல் அசைந்தன. தெளிந்த நீரில் மட்டுமே வாழும் குடும்பத்துக்குப் பத்து மதிப்பெண், சேற்றிலும் பிழைக்கும் மண்புழு இனத்துக்கு ஒன்று. அதைக் கூட்டிப் பார்த்தே ஆற்றின் உடல்நிலையைச் சொல்லலாம் என்று விளக்கினீர்கள்.

இடுக்கி நடுங்காமல் நான் அவற்றைப் பிரிப்பதைப் பார்த்து, "எங்கே பழகினாய்?" என்று கேட்டீர்கள். கல்லூரியில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். எட்டாம் வகுப்பிலிருந்து அம்மாவோடு சொளகை மடியில் வைத்து பீடி சுற்றுகிறேன். இலையின் தலையை மடக்கி மூடிய விரல்கள் இவை. அன்றிலிருந்து எல்லா மாதிரிகளையும் பிரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தீர்கள்.

பயிற்சித் தொகையை மாதம் தவறாமல் வங்கியில் போட்ட திட்ட அலுவலகத்தாருக்கும் நன்றி. போன வருடம் வேறோர் இடத்தில் எனக்குப் பயிற்சி கிடைத்தும் போக முடியவில்லை. அங்கே தொகை கிடையாது. தங்கும் செலவும் நம்முடையது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில் இரண்டு மாதம் இரண்டு கைகள் குறைந்தால் என்ன ஆகும் என்பது அந்த அறிவிப்பை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்காது. பணம் கொடுக்காத பயிற்சிக்கு எங்களைப் போன்றவர்கள் விண்ணப்பமே போடுவதில்லை. ஆர்வம் இல்லாமல் அல்ல.

இனி, மே மாதக் கடைசி வாரத்துக்கு வருகிறேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குக் கீழே, கழிவுநீர் கலக்கும் இடத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு நான் அளந்த கரைந்த ஆக்சிஜன் மிக அதிகமாக இருந்தது. முப்பது டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் இயல்பாகக் கரைவது ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான், என் கணக்கு அதையும் தாண்டியது. ஆறு நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்துபோய்ச் சொன்னேன். வழிகாட்டி மேடம் தவறு என்று சொல்லவில்லை. "எத்தனை மணிக்கு எடுத்தாய்? விடிவதற்கு முன் போய் எடுத்துவிட்டு வா" என்றார்.

விடிவதற்கு முன் ஒரு பெண் தனியாக ஆற்றுக்குள் இறங்குவது எப்படி? அதற்கு எத்தனை பேர் வேண்டியிருந்தது! விடுதி வாயிலை நாலு மணிக்குத் திறந்துவிட்ட காவலர் ஐயா. மீட்டர் போடாமல் காத்திருந்த ஆட்டோ அண்ணன். கரையிலேயே குடியிருக்கும் ஆச்சி. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கே மணல் சரிந்தது, எங்கே கால் வைக்கலாம் என்று கைபிடித்துக் காட்டியவர். எல்லாவற்றுக்கும் மேலாக, கால்வாய் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் அண்ணாச்சி. கார் பருவ நெல்லுக்கு அணை திறக்கப்போகிறார்கள், திறந்தால் ஆற்றின் கணக்கே மாறிவிடும், இரண்டு நாளுக்குள் எடுத்துவிடு என்று நீங்கள் தொலைபேசியில் சொல்லியிராவிட்டால் இந்த வருடத்து வற்றிய ஆற்றின் அளவு எங்களுக்குக் கிடைத்திருக்காது.

குமிழி நுழையாமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் காரக் கரைசலும் விட்டு மூடினேன். அண்ணாச்சி டார்ச் அடித்தார். பிற்பகலில் கரும்பழுப்பாகத் திரண்ட அதே வீழ்படிவு, இப்போது வெளிறிப்போய், கழுவிய அரிசித் தண்ணீர் நிறத்தில் இறங்கியது. ஆக்சிஜன் இருந்தால்தான் பழுப்பேறும். பகலில் பாசி வெயிலைத் தின்று ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவெல்லாம் அந்தப் பாசியும் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் அதைச் சுவாசித்துத் தீர்க்கின்றன. மீன்கள் அந்த இரவையும் கடக்க வேண்டும் அல்லவா? குளிக்கும் துறைக்கு லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. அந்த விடியலில் அங்கே அது இல்லை.

"தண்ணீருக்கு மூச்சு முட்டுகிறதா, தாயி?" என்று ஆச்சி கேட்டார். ஆமாம் ஆச்சி என்றேன். அவர் பிறகு எதுவும் பேசவில்லை. துவைக்க எடுத்து வந்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். அறிக்கையில் இரண்டு அளவுகளையும் அடுத்தடுத்துப் போட்டிருக்கிறேன், நேரத்தோடு.

லஸ்கர் அண்ணாச்சி, உங்கள் டார்ச் என்னிடமே தங்கிவிட்டது. அடுத்த நெல் பருவமான பிசானத்துக்குத் தண்ணீர் விடுவதற்கு முன் கொண்டுவந்து தருகிறேன். அன்றும் ஒரு பாட்டில் எடுக்க வேண்டும், நாலரை மணிக்கு.

நன்றியுடன்,
உங்கள் பயிற்சி மாணவி